கொம்பை நம்பிய கதை

நாஞ்சில் நாட்டில் தென்னை விளை உள்ளவர்களுக்குக் காண்டாமிருக வண்டைத் தெரியாமலிராது. என் சிறு வயதில், குருத்தைத் துளைத்த வண்டைக் கம்பியால் குத்தி எடுக்கும் பாட்டா ஒருவர், எருக்குழியில் அகப்படும் குட்டைக் கொம்பு வண்டை மட்டும் விட்டுவிடுவார். அது வேறு ஜாதியாம். சாணத்தைத் தின்று பிழைக்கும் சாதுவாம்.

பாட்டாவை மட்டும் குறை சொல்வானேன்? 1758இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இதற்குக் காண்டாமிருகத்தின் பெயரைச் சூட்டியதும் கொம்பை வைத்துத்தான். அந்தக் கொம்போ ஒரு நிலையில் நிற்பதில்லை. புழுவாயிருந்தபோது வயிறாரத் தின்ற ஆணுக்கு அது நீண்டு வளைந்திருக்கும்; அரைவயிற்றுக்காரனுக்குப் பெண்ணுடையதைப் போலக் குட்டையாகவே நின்றுவிடும். ஜாதி ஒன்றுதான். 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு கப்பலேறி, ஸமோவாத் தீவின் தென்னைகளைப் பிடித்ததும் இதே ஜாதிதான். ஆணா பெண்ணா என்றறிய வண்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். செம்பட்டை ரோமம் அடர்ந்திருந்தால் பெண்.

வெகு நாள் கழித்து இதைப் படித்துவிட்டு எங்கள் எருக்குழியைக் கிளறினேன். அகப்பட்ட ஐந்து குட்டைக் கொம்புகளில் நாலுக்குப் பின்னால் ரோமம் இருந்தது. முட்டையிட வந்தவை. பாட்டா அத்தனை வருஷமும் இரக்கப்பட்டு உயிரோடு விட்டது தாய்மாரைத்தான்.