கட்டிலை விட்டு எழுந்த கதை

"சின்ன ஒப்பரேசன்தான். நாலு துளைதான் போட்டவை. நாளைக்கே வீட்டுக்கு விட்டிடுவினம்."

சூலகக் கட்டிக்கோ கருப்பை அகற்றுவதற்கோ லப்ரோஸ்கொப்பி முறையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களைப் பற்றி எங்கள் வீடுகளில் இப்படிப் பேசுவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அதன்பின் பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று. ஒரு வீட்டில் "அசையாமல் படு பிள்ளை" என்று வாரக்கணக்கில் கட்டிலில் வைத்திருப்பார்கள். இன்னொரு வீட்டில் மூன்றாம் நாளே அவர் அடுப்படியில் நிற்பார். இரண்டுமே உடம்புக்குப் பொருந்தாதவை. இதை வைத்தியத்துறை கற்றுக்கொள்ள ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் எடுத்தன.

கதை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டான்வில் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1809 டிசம்பரில் எப்ராயிம் மக்டவல் என்ற வைத்தியர், ஜேன் டொட் குரோபோர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து சூலகக் கட்டி ஒன்றை அகற்றினார். அதன் எடை 22½ இறாத்தல், அதாவது பத்துக் கிலோவுக்கும் அதிகம். ஈதர் மயக்கமருந்து பொஸ்ரன் நகரில் பகிரங்கமாகச் செய்துகாட்டப்பட்டது 1846இல்தான். ஆகவே அந்தப் பெண் முழு உணர்வோடு அவ்வளவையும் தாங்கினார். ஐந்தாம் நாள் மக்டவல் பார்க்கப் போனபோது, அவர் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார். வைத்தியர் கவனமாக இருக்கும்படி எச்சரித்தார். 25 நாள்களில் அவர் வீடு திரும்பினார். வீடு இருந்தது 60 மைல் தொலைவில். அதன்பின் 1842 வரை உயிரோடிருந்தார்.

இந்த நோயாளி காட்டிய வழியை வைத்தியர்கள் பின்பற்றவில்லை. மயக்கமருந்தும், 1867இல் ஜோசப் லிஸ்ரர் அறிவித்த கிருமியழிப்பு முறையும் வந்தபின் வயிற்றுச் சத்திரசிகிச்சைகள் பெருகின. கூடவே, பல நாள்கள் படுக்கையிலேயே கிடக்கவேண்டும் என்பதும் எழுதாத சட்டமாயிற்று. எழுந்தால் தையல் பிரிந்துவிடும் என்ற பயமே காரணம். ஆனால் காலில் உறையும் இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கலாம் என்பதை ஜேர்மானியரான ருடோல்ப் விர்ஷோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விளக்கியிருந்தார். அசையாமல் கிடப்பவரிடம் இந்த ஆபத்து கூடுகிறது.

1899இல் சிக்காகோவில் எமில் ரீஸ் என்ற மகளிர் நோயியல் வைத்தியர், தன் நோயாளிகளை மிக விரைவாக எழுப்பி நடக்கவைப்பதாகவும், அவர்கள் நன்றாகத் தேறுவதாகவும் எழுதினார். பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் உலக யுத்தம்தான் நிலைமையை மாற்றியது. கட்டில்களுக்கும் தாதியருக்கும் தட்டுப்பாடு வந்தபோது நோயாளிகளை முன்கூட்டியே எழுப்பவேண்டியதாயிற்று. எழுந்தவர்களின் தையல் பிரியவில்லை. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய வைத்தியர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைத் தலைமுதல் கால்வரை பட்டியலிட்டு ஒரு கட்டுரையே எழுதினார்.

இன்னொரு பக்கம் காயமே சிறிதாகிக்கொண்டு வந்தது. 1901இல் ஜேர்மனியில் கேயோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் குழாய்க்கருவி செலுத்திப் பார்த்தார். 1910இல் சுவீடனில் ஹான்ஸ் கிறிஸ்ரியன் யாக்கோபேயுஸ் மனிதரில் அதைச் செய்ததை அறிவித்தார். 1940களில் பாரிஸ் நகரில் ராவுல் பால்மர் அதைப் பெண்களின் நோயறியும் கருவியாக வளர்த்தார். ஜேர்மனியின் கீல் நகரில் கூர்ட் செம் என்ற மகளிர் நோயியல் பேராசிரியர் 1980இல் இந்த முறையில் குடல்வாலையே அகற்றியபோது எதிர்ப்பும் கேலியும்தான் எழுந்தன. 1988இல் அமெரிக்காவில் ஹரி றைக் லப்ரோஸ்கொப்பி மூலம் முதன்முதலாகக் கருப்பையை அகற்றினார்.

இங்கேதான் "சின்ன ஒப்பரேசன்" என்ற பேச்சு பிறந்தது. வெளியே காயம் சிறிதானது உண்மை. உள்ளே அப்படியில்லை. கருப்பையை முழுதாக அகற்றினால், யோனியின் மேல்முனையைத் தைத்து மூடவேண்டும். அந்தத் தையல் ஆற வாரங்கள் எடுக்கும். தோலில் உள்ள துளை ஆறிவிட்டது என்பதால் அதுவும் ஆறிவிட்டது என்று எண்ணக்கூடாது. சிறிய துளை எப்போதும் மேலானது என்றும் இல்லை. ஆரம்பநிலைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பெரிய சத்திரசிகிச்சையில், திறந்த முறையில் செய்துகொண்ட பெண்களே கூடுதலாக உயிர் பிழைத்தனர் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூன்றாவது திருப்பம் டென்மார்க்கிலிருந்து வந்தது. 1990களில் ஹென்றிக் கேலெற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இந்த நோயாளி இன்னும் ஏன் கட்டிலில் இருக்கிறார் என்று கேட்கத் தொடங்கினார். நோவா, குமட்டலா, களைப்பா, வெறும் வழக்கமா? ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே கவனித்தார். தேறுவதற்கான திட்டம் சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்கவேண்டும் என்பது இதிலிருந்து பிறந்த பாடம். முன்னர் நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்பார்கள். இன்று பெரும்பாலானோர் மயக்கமருந்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்வரை தண்ணீர் குடிக்கலாம். ஆனாலும் உங்கள் வைத்தியசாலை சொல்லும் நேரமே உங்களுக்குரியது. அன்றே எழுந்து நடப்பது, அன்றே சாப்பிடுவது, நோ கடுமையாகும்வரை காத்திராமல் வலிமாத்திரையை நேரத்துக்கு எடுப்பது ஆகியவையும் இப்போது வழக்கம்.

இனி எங்கள் வீட்டுத் திட்டத்துக்கு வருவோம். நோயறிவதற்காக மட்டும் செய்த லப்ரோஸ்கொப்பி என்றால் பலர் ஒரு வாரத்துக்குள் வேலைக்குப் போகலாம். கருப்பை அகற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் தேவைப்படலாம். துப்புரவு வேலை, தொழிற்சாலை வேலை, கடையில் பெட்டி தூக்கும் வேலை செய்பவர்கள் இதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, விடுப்புக் கடிதத்தை முன்கூட்டியே கேட்கவேண்டும். மொழி சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். யோனித் தையலைப் பற்றிப் பேச மகனைத் துணைக்கு அழைத்துப்போக எந்தத் தாய்தான் விரும்புவார்?

ஊரில் என்றால் அம்மாவும் சித்தியும் பக்கத்தில் இருந்திருப்பார்கள். இங்கே குழந்தையைத் தூக்குவது யார், அரிசி மூட்டையை இறக்குவது யார், சமைப்பது யார் என்பதைக் கணவரும் பிள்ளைகளும் திகதி குறித்த அன்றே பேசி முடிவெடுக்கவேண்டும். நடப்பது நல்லது, பாரம் தூக்குவது கூடாது. இந்த வேறுபாடு வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

முதல் சில நாள்களில் தோள்மூட்டு நோகலாம். வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் காபனீரொட்சைட்டு வாயு பிரிமென்றகட்டை உறுத்துவதால் அது தோளில் தெரிகிறது. ஆனால் வயிற்றுநோ நாளுக்கு நாள் குறையாமல் கூடினாலோ, காய்ச்சல், ஓயாத வாந்தி, கடும் இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும் வந்தாலோ, அன்றே வைத்தியசாலையைத் தொடர்புகொள்ளுங்கள். நெஞ்சுநோவோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள். "சின்ன ஒப்பரேசன்தானே" என்று பொறுத்திருக்கவேண்டாம்.