அரமும் சாணையும் தீட்டுமரமும்: வீட்டுக் கத்தியைக் கூராக்கும் முறைகளின் வரலாறு – போடி மலைச்சரிவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கத்தியைக் கூராக்கும் முறைகள் கல்லிலிருந்து சக்கரத்துக்கும், சக்கரத்திலிருந்து மின்கருவிக்கும் படிப்படியாக வளர்ந்தன என்பது பொதுவான எண்ணம். தமிழ்ச் சொற்களும் இலக்கியக் குறிப்புகளும் கருவிகளின் இயல்பும் வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றன. அரம், சாணை, தீட்டுக்கல், தீட்டுமரம் ஆகியவை ஒன்றையொன்று நீக்கிய கருவிகள் அல்ல. வெவ்வேறு அலகுகளுக்கு உரியவையாக ஒரே காலத்தில் நிலவியவை. எந்தக் கூருக்காக எவ்வளவு இரும்பை இழப்பது என்பதே அவற்றிடையேயான தேர்வின் அடிப்படை என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. குரங்கணி, போடிநாயக்கனூர் மலைச்சரிவின் கருவிகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரம், சாணை, தீட்டுமரம், குருந்தம், அரிவாள், போடிநாயக்கனூர்

முன்னுரை

உலோகத்துக்கு முன்பே கூராக்கும் தொழில் தோன்றிவிட்டது. திருப்பத்தூர் வட்டாரத்துப் பையம்பள்ளி அகழாய்வில் வெளிப்பட்ட புதிய கற்கால மெருகேற்றிய கற்கோடரிகள், பாறையின்மீது நெடுநேரம் தேய்த்து விளிம்பாக்கப்பட்டவை. அக்கோடரியைத் தேய்த்த கைக்கும் இன்று சமையலறைக் கத்தியைக் கல்லில் இழுக்கும் கைக்கும் செயல்முறையில் பெரிய வேறுபாடு இல்லை. கடினமான பொருள் ஒன்று மற்றொன்றின் விளிம்பைத் தேய்த்து மெலிவிக்கிறது. வேறுபாடு தேய்க்கும் பொருளிலும், தேய்மானத்தின் அளவிலும், அதைச் செய்பவர் யார் என்பதிலும் உள்ளது.

அரிவாள், கத்தி ஆகியவற்றின் வரலாறு போர்க்கருவி வரலாற்றின் பகுதியாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அவற்றைக் கூராக்கும் கருவிகளோ சான்றாகவே கருதப்படவில்லை. ஒரு சமூகம் இரும்பை எவ்வாறு சிக்கனமாகக் கையாண்டது என்பதை அறியக் கத்தியைவிடத் தீட்டுக்கல்லே பொருத்தமான சான்றாகும்.

சொல்வழிச் சான்றுகள்

திருக்குறளில் அரம் மூன்று குறட்பாக்களில் (567, 888, 997) உவமையாக வருகிறது. முதலிரண்டில் அரம் தேய்த்து அழிக்கும் பொருள். கடுஞ்சொல்லும் அளவு கடந்த தண்டனையும் அரசனின் வலிமையை அராவுகின்றன. உட்பகை குடியை அராவுகிறது. மூன்றாவதில் அரம் கூர்மைக்கு அடையாளமாகிறது. ஒரே கருவி தேய்மானத்துக்கும் கூர்மைக்கும் உவமையாவது முரண்போலத் தோன்றலாம். தொழில்நோக்கில் முரண் ஏதும் இல்லை. எந்தக் கூரும் அலகின் ஒரு பகுதியை இழந்தே பெறப்படுகிறது.

புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பட்டுக் காவல்மனையில் இருக்க, அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாக ஔவையார் பாடுகிறார். பயன்படும் கருவி பட்டறைக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் என்பது அப்பாடலின் உட்பொருள். 312ஆம் பாடல் வேலை வடித்துத் தருவதைக் கொல்லனின் கடமையாக்குகிறது. வடித்தல் என்னும் சொல் திருத்தமுற ஆக்குவதையும் கூராக்குவதையும் சேர்த்தே குறிப்பது கருதத்தக்கது. ஆக்குபவரும் பேணுபவரும் ஒருவரே என்ற நிலையை அச்சொல் காக்கிறது.

வீட்டு வழக்குக்குரிய சான்று பழமொழியில் கிடைக்கிறது. ‘தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது’ என்பது உதவியவருக்கே தீங்கு செய்வதைக் குறிக்கும். மரத்தில் கத்தியை எவ்வாறு தீட்ட முடியும் என்ற ஐயம் இன்றைய மாணவருக்கு எழுவது இயல்பு. வெண்கல்லை இடித்துப் பொடியாக்கி மரப்பலகையின்மீது தூவி, அதில் அலகை முன்னும் பின்னும் இழுப்பது பனையேறிகளின் முறை. பாளை சீவும் அரிவாளுக்கு மழிகத்திக்கு நிகரான மென்கூர் வேண்டும். நசுங்கிய பாளையில் பதநீர் ஒழுங்காகச் சுரக்காது. மரம் அலகுக்குச் சற்றே இசைந்து கொடுக்கும். பொடி மிகச் சிறிதளவே இரும்பைத் தேய்க்கும். தன்னைக் கூராக்கிய அந்தப் பலகையையே வெட்டிப் பார்க்கும் கத்திதான் பழமொழியின் நன்றிகெட்டவன். கருவி மறைந்தபின் பழமொழி பொருள் மங்கி நிற்கிறது.

குருந்தக்கல்லும் சுழற்சாணையும்

சாணை என்னும் சொல் வடமொழியின் ‘சாண’ என்பதோடு உறவுடையது. பழைய இந்தியச் சாணை இயற்கைக் கல்லைச் செதுக்கிச் செய்த சக்கரம் அன்று. குருந்தக்கல்லின் பொடியை உருக்கிய அரக்கோடு பிசைந்து வட்டமாக வார்த்து, அச்சில் பொருத்தி, அச்சைச் சுற்றிய வாரை ஒருவர் மாறி மாறி இழுக்க, மற்றொருவர் அலகைப் பிடிப்பது வழக்கம். ஆகவே சாணை இருவர் வேலையாகவும் தனித்தொழிலாகவும் அமைந்தது.

குருந்தம் மோ கடினத்தன்மை அளவில் 9ஆம் இடத்தில், வைரத்துக்கு அடுத்த நிலையில் உள்ளது. தருமபுரிப் பகுதியின் பாப்பாரப்பட்டி, நாமக்கல் பகுதியின் சித்தம்பூண்டி ஆகியவை இக்கல்லுக்குப் பெயர் பெற்றவை. 1798இல் சார்லஸ் கிரெவில் ஆசியக் குருந்தக்கல் பற்றி இலண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதினார். 1898இல் டி.எச். ஹாலண்ட் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக இக்கனிமம் பற்றித் தனிநூலே எழுதினார். அக்கனிமத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் தமிழின் குருந்தத்திலிருந்து சென்றதாகும்.

1891இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் சிலிக்கான் கார்பைடை உருவாக்கினார். கரிமமும் குருந்தமும் சேர்ந்த பொருள் எனத் தவறாகக் கருதி, அதற்குக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று கடையில் ‘கார்போரண்டம் கல்’ கேட்டு வாங்குபவர், அப்பெயருக்குள் தம் மொழியின் குருந்தம் இருப்பதை அறிவதில்லை.

மலைச்சரிவின் அலகுகள்

போடிநாயக்கனூருக்கு மேற்கே கொட்டகுடி, குரங்கணி வழியாகச் செல்லும் மலைப்பாதை ஏலம், காப்பி, தேயிலைத் தோட்டங்களோடு சமவெளியை இணைத்தது. 1877இல் ஜே.டி. மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகை பெற்றபின் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத்தண்டவாளப் பாதையும் 1908இல் குறுகிய இருப்புப்பாதையும் அமைந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதையில் தேயிலை கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. 1924 வெள்ளம் அந்த இருப்புப்பாதையை அழித்தது. 1928இல் மதுரை–போடி இரயில்பாதை திறக்கப்பட்டது.

இச்சரிவில் பலவகை அலகுகள் அருகருகே புழங்கின. ஏலத்துக்கு நிழல்தரும் மரங்களின் கிளை கழிக்க வெட்டரிவாளும், காப்பிச் செடிக்குக் கவாத்துக் கத்தியும், அடிவாரத்து நெல்லுக்குக் கருக்கரிவாளும், தென்னைக்கும் பனைக்கும் பாளை அரிவாளும், வீட்டுக்கு அரிவாள்மனையும் வேண்டியிருந்தன. இவை அனைத்துக்கும் ஒரே கூர் பொருந்தாது. வெட்டரிவாளின் விளிம்பு மெலிந்தால் கணுவில் பட்டதும் பிளவுறும். கவாத்துக் கத்தி மழுங்கினால் பட்டை நசுங்கும். நசுங்கிய காயம் ஆறத் தாமதமாவதால் அழுகல் நுழையும். கருக்கரிவாளின் பற்களைக் கல் தேய்த்து அழித்துவிடும். அதற்குக் கொல்லர் மீண்டும் பல் வெட்டித் தருவதே வழி. இவ்வாறு தேர்வு அலகிலிருந்தே தொடங்குகிறது.

இடத்தின் இயல்பும் தேர்வில் பங்கு கொள்கிறது. ஏலமலைத் தொடரின் பாறைகள் பெரிதும் சார்னோகைட்டும் நைசும் ஆகும். இவற்றிலுள்ள படிகக்கல் மோ அளவில் 7, பெல்ஸ்பார் 6. கொல்லர் தோய்த்தெடுத்த எஃகை மெதுவாகத் தேய்க்க இது போதும். பட்டறைக்கு மலையிறங்க வேண்டிய நிலையில், ஓடைக்கல்லும் அம்மியின் பக்கமும் அன்றாடத் தீட்டலுக்கு இடமாவது இயல்பே. அன்றாடத் தீட்டல் வீட்டுக்கும் விளிம்பைத் திருத்தி வார்ப்பது கொல்லருக்கும் உரியதாயின.

தேர்வின் அளவுகோல்கள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து வீட்டுத் தேர்வுக்குரிய அளவுகோல்களை வகுக்கலாம். முதலாவது, அலகின் கடினம். அரம் தன்னைவிட மென்மையான எஃகையே அராவும். ஊர்க்கொல்லரின் அரிவாளில் அது பற்றும். கடினமாகப் பதமேற்றிய ஆலைக் கத்தியில் வழுக்கும். இரண்டாவது, விளிம்பின் கோணம். காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகையும், வெட்டும் கருவிக்கு 25 முதல் 30 பாகையும் பொருந்தும். மூன்றாவது, வெப்பம். கரிம எஃகு ஏறக்குறைய 300 பாகை செல்சியசை எட்டும்போது நீலம் பாய்கிறது. தோய்ச்சலில் பெற்ற கடினத்தை விளிம்பு இழக்கிறது. வறண்ட மின்சக்கரத்தின் குறை இதுவே. நீர் தெளித்த கல்லில் இந்த இடர் இல்லை.

நான்காவது, தேய்மானம். மின்சக்கரமும் அரமும் மிகுதியாகத் தேய்க்கும். கல் குறைவாகத் தேய்க்கும். பொடி தூவிய மரமும் தோல்வாரும் மிகக் குறைவாகத் தேய்க்கும். கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். விளிம்புவரை தேய்ந்தது என்பதற்கு அதுவே அறிகுறி. பிசிரை நீக்காத கூர் ஓரிரு நாளில் மடங்கும். அதை நீக்கும் இறுதிப்படியே தீட்டுமரத்தின் பணி. எனவே கல்லும் மரமும் மாற்றுகள் அல்ல; ஒரே செயலின் இரு நிலைகள்.

முடிவுரை

முறைகளின் வரலாற்றை வளர்ச்சியின் ஏணியாக மட்டும் வரைவது பொருந்தாது. வேகம் மிகுந்த கருவி விளிம்பை விரைவாகத் தருகிறது. அலகை விரைவாகத் தின்னவும் செய்கிறது. இரும்பு அரிதாக இருந்த வீட்டில் நான்கு கருவிகளும் தத்தம் இடத்தில் நின்றன. கத்தி மலிந்தபின் மழுங்கியதை மாற்றுவது எளிதாயிற்று. தெருவில் சாணை பிடிப்பவரின் குரலும் அரிதாகி வருகிறது. அவரோடு சேர்ந்து மறைவது ஒரு தொழில் மட்டுமன்று. எவ்வளவு தேய்ப்பது, எங்கே நிறுத்துவது என்னும் கணிப்பும் மறைகிறது. தீட்டுமரம், பதம் பார்த்தல், தோய்ச்சல், கருக்கு முதலிய சொற்களை அவற்றுக்குரிய கருவிகளோடும் கைச்செயலோடும் சேர்த்துப் பதிவு செய்வது வட்டார அகராதிப் பணியின் உடனடித் தேவையாகும். போடி மலைச்சரிவு போன்று பலவகை அலகுகள் ஒருங்கே புழங்கும் நிலப்பகுதிகள் அப்பணிக்கு உகந்த களங்கள்.