வேலப்பன்சாவடி: வீட்டளவில் பேரிடர் ஆயத்தம்

வேலப்பன்சாவடி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே உள்ள புறநகர்ப் பகுதி. முகவரியில் சென்னை என்று எழுதினாலும் நிர்வாகத்தில் இது திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி வட்டம். வெயில் காலத்தில் யாரும் கண்டுகொள்ளாத இந்த வேறுபாடு, வடகிழக்குப் பருவமழை வந்ததும் முக்கியமாகிவிடுகிறது. 1913 என்ற எண் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கானது. இங்குள்ளவர்களுக்கு உரியது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. கைபேசியில் அழைத்தால், பேசுவது திருவள்ளூர் மாவட்ட அறைதானா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906. மின்தடைக்கும் அறுந்து கிடக்கும் கம்பிக்கும் மின்னகம் 94987 94987.

எந்தத் தண்ணீர் தன் தெருவுக்கு வரும் என்பதில்தான் குழப்பம் அதிகம். செம்பரம்பாக்கம் ஏரி (முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி) அருகில் இருப்பதால், அதைத் திறக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் இப்பகுதியில் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் போவது அடையாற்றுக்கு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தபோது மூழ்கியது அடையாற்றின் கரைகள். வேலப்பன்சாவடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆறு, திருவேற்காட்டை ஒட்டி ஓடும் கூவம். கேசவரம், ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டுகளைத் தாண்டி வரும் நீரும் வழியிலுள்ள ஏரிகளின் உபரியும் சேரும்போது கூவம் வேகமாக ஏறும். மதுரவாயல், நொளம்பூர் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். தெருவில் தேங்கும் நீருக்கு ஆறே வேண்டியதில்லை, அடைபட்ட வடிகால் போதும்.

நம்பத்தகுந்த முன்னறிவிப்பு நுங்கம்பாக்கத்திலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்துடையது. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை கனமழை, 20.4 செ.மீ. வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. அதிகனமழைக்குப் பொதுவாகச் சிவப்பு எச்சரிக்கை வரும். மாநில அரசின் டிஎன் அலர்ட், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் ஆகிய செயலிகள் எச்சரிக்கைகளைக் கைபேசிக்கே அனுப்புகின்றன. 2015 வெள்ளத்தின்போது நாசா பெருமழை எச்சரிக்கை விடுத்ததாகவும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகவும் வாட்ஸ்அப்பில் தகவல்கள் சுற்றின. இரண்டும் பொய். தேதியும் வெளியிட்ட அலுவலகத்தின் பெயரும் இல்லாத எச்சரிக்கையை அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவதும் ஆயத்தத்தில் சேர்ந்ததுதான்.

வீட்டில் என்ன வைத்திருப்பது என்பதற்கு அண்மைக்கால அனுபவங்களே போதிய வழிகாட்டி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசித் தொடர்பும் தடுமாறியது. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. எனவே புயலுக்கு முன்பே மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும். சிக்னல் போனால் யுபிஐ வேலை செய்யாது. சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் ஆவின் பால்பண்ணைக்குள் நீர் புகுந்து, நகரெங்கும் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தச் சில நாள்கள் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பால் பவுடர், ஓஆர்எஸ் பொட்டலம், ஒரு வாரத்துக்கான சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், டார்ச், பவர் பேங்க், பிளாஸ்டிக் உறையில் ஆதார், ரேஷன் அட்டை, பத்திர நகல்கள் ஆகியவற்றை ஒரே பையில், பரண் உயரத்தில் வைப்பது வழக்கம். மெழுகுவர்த்தியை நம்புவதைவிட டார்ச்சை நம்பலாம்.

தரைத்தளத்தில் நீர் ஏறத் தொடங்கினால், கால் நனையாமல் எட்ட முடியும்போதே மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூட வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். நீர் வடிந்தபின் சம்ப்பை இறைத்துக் கழுவி, புதிதாக நிரப்பும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்கு அதையும் கொதிக்கவைக்க வேண்டும்.