தாம்பரம் வளர்ந்த கதை

தாம்பரம் என்றால் நம்மில் பலருக்கு ஸ்டேஷன், எதிரே கல்லூரி வாசல், உள்ளே போனால் மரங்கள், ஹால்கள். அவ்வளவுதான் ஞாபகம் வரும். மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று இருந்துவிட்டு வந்தோமே தவிர, இந்த ஊர் எப்படி உண்டாச்சு என்று யோசித்தவர்கள் குறைவு. மலரில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நமக்கும் முன்னால் இங்கே வந்து சேர்ந்தவர்கள் நோயாளிகள். டாக்டர் சௌரிமுத்து என்பவர் 1928-ல் காசநோய்க்காரர்களுக்கென்று இங்கே சானடோரியம் தொடங்கினார். ஏற்கெனவே இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் கொஞ்ச காலம் அவரிடம்தான் சிகிச்சை பெற்றார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். பட்டணத்து நெரிசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடமாகத் தாம்பரம் அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பின்னாளில் 1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். ஊரே அந்த நோயாளிகளைக் கண்டு ஒதுங்கிய காலம் அது. ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றுதான் பெயர்.

அடுத்து வந்தது மின்சார ரயில். 1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் ஓட ஆரம்பித்தது. ஊரை உண்டாக்கியதே இந்த ரயில்தான் என்று சொல்வேன். காலையில் ஏறிப் பட்டணத்தில் ஆபீஸ் போய்விட்டு ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்கிற வாழ்க்கை அதற்குப் பிறகுதான் சாத்தியமாச்சு. அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-ல் நின்றுபோயின. அதில் சீசன் டிக்கெட்டோடு தொங்கிக்கொண்டு வந்தவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் உண்டு.

ஹைகோர்ட்டுக்கு எதிரே ஏறக்குறைய நூறு வருஷம் இருந்த நம் கிறிஸ்தவக் கல்லூரி, 1937-ல் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிபெயர்ந்தது. சுமார் 365 ஏக்கர் புதர்க்காடு. காட்டை வெட்டித் தள்ளாமல், கட்டடங்களை அதற்குள் பொருத்தினார்கள். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்களின் நிழலில்தான் நாமெல்லாம் வகுப்புக்குப் போனோம் (சில நாள் போகாமலும் உட்கார்ந்திருந்தோம்!). மறு வருஷமே, 1938 டிசம்பரில், உலக மிஷனரி மாநாடு இங்கே நடந்தது. சீனாவில் நடக்க வேண்டியது, யுத்தத்தால் இங்கே மாறியது. இதனால் உலகத் திருச்சபை வரலாற்றுப் புத்தகங்களில் ‘தாம்பரம்’ என்பது ஒரு மாநாட்டின் பெயர். பக்கத்து ஊர்க்காரர்களுக்கே இது தெரியாது.

பிறகு விமானப்படைத் தளம், 1964-ல் நகராட்சி, 1984-ல் ஏற்றுமதி மண்டலம் என்று வேகமாக வளர்ந்தது. ‘தாம்பரத்துக்கு மிக அருகில்’ என்று மனைகள் விற்றார்களே, நினைவிருக்கிறதா? அந்த அருகு மறைமலை நகரையும் தாண்டிப் போச்சு.

அந்த வளர்ச்சியில்தான் ஒரு கோளாறு. இது ஏரிகளின் பூமி. சேலையூர், சிட்லபாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்கரணை, செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. மேட்டு ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். வயல் போனதும் கால்வாயை யாரும் கவனிக்கவில்லை. அதன்மேல் தெரு வந்தது, வீடு வந்தது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் பல வருஷம் குப்பையே கொட்டினார்கள். ஊர்மக்கள் விடாமல் போராடிய பிறகுதான் அது ஓரளவு மீண்டது.

கணக்கு 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தீர்ந்தது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. தெருவில் படகு போச்சு. சிறுகச் சிறுகச் சேர்த்து அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? தண்ணீர் போகும் வழியில் மனை பிரிக்க அனுமதி தந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2021-ல் பல்லவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலான ஊர்களையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, பட்டணத்து எல்லை என்ற பேரும் தாம்பரத்தை விட்டுத் தெற்கே நகர்ந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் பெய்கிற மழையை அப்படியே மண்ணுக்குள் இறக்கிக்கொள்கிற பெரிய நிலப்பரப்பு என்று பார்த்தால், நம் கல்லூரிக் காடுதான் முதலில் கண்ணில் படுகிறது. அங்கே இன்னும் புள்ளிமான் மேய்கிறது.