ரெண்டே ரெண்டு தோட்டா

டேராடூனுக்கு மாற்றலாகி வந்தபோது எங்களுக்கு மாடி வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர் ஒரு பெரியவர். நாங்கள் அங்கிள்ஜி என்று கூப்பிடுவோம். அவர் என்னை "பேட்டா" என்பார், என் மனைவியை "மதராஸி பஹு" என்பார். தர்மபுரி வேறு, மதராஸ் வேறு என்று எத்தனை தடவை சொன்னாலும் அதேதான். நானும் விட்டுவிட்டேன் :-)

2019 டிசம்பரில் ஒரு குளிர் ராத்திரி, கீழே வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனால் கட்டில் மேல் மூன்று துப்பாக்கிகள். ஒரு பன்னிரண்டு போர் ஷாட்கன், ஒரு ரிவால்வர், மூன்றாவதாகத் தடிமனான இரட்டைக்குழல் ரைஃபிள். பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பழைய கைனாக் அட்டைப்பெட்டி. உள்ளே ரெண்டே ரெண்டு தோட்டா, ஒவ்வொன்றும் என் நடுவிரலைவிட நீளம்.

"சட்டம் மாறிடுச்சு பேட்டா. மூணு வெச்சிருக்கக் கூடாதாம். எதைக் கொடுக்கறது?"

ஆயுதச் சட்டத் திருத்தம் அந்த மாதம்தான் வந்திருந்தது. 1959 சட்டப்படி ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம். அதை ஒன்றாகக் குறைக்கத்தான் முதலில் மசோதா வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு என்றானது. தாத்தா சொத்தாக வந்ததற்கும் அதே கணக்குத்தான். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

எனக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. தோட்டா கிடைக்காத துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? சொல்லியும் விட்டேன். அவர் சிரித்தார். "இந்த ரைஃபிள் ஏன் பிறந்ததுன்னு தெரியுமா உனக்கு?" என்றார். அன்று ஆரம்பித்த ஆர்வத்தில் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அது .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ். யானை, காட்டெருமை மாதிரி பெரிய மிருகங்களுக்கானது. குண்டு மட்டும் 500 கிரெயின், அதாவது சுமார் 32 கிராம். இந்தத் தோட்டா பிறக்கக் காரணம் யானை இல்லை, நம் ஊர் சட்டம் என்பதுதான் வேடிக்கை.

1900-களின் தொடக்கத்தில் பெரிய வேட்டை என்றால் .450 தான். ஆனால் பிரிட்டிஷ் ராணுவம் அதற்கு முன் வைத்திருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் .450 அளவு. அந்த ராணுவத் துப்பாக்கிகள் பல கைமாறிப் போயிருந்தன. வேட்டைக்காரர்களுக்கு வரும் .450 சரக்கு கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று அரசுக்குப் பயம். 1857-ஐ மறக்காத அரசு இல்லையா! இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் .450 வரக்கூடாது என்று தடை போட்டார்கள்.

லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்களுக்கு இந்தியாதான் பெரிய சந்தை. விடுவார்களா? 1907 வாக்கில் ஆளுக்கு ஒரு புது அளவோடு வந்தார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465 கொண்டுவந்தது. ஜோசப் லாங் வடிவமைத்தது .470. இன்னும் .475, .476 என்று பட்டியல் நீளும். கொஞ்சம் தள்ளி அளவெடுத்தால் தடை செல்லாது, அவ்வளவுதான்.

ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் போகக்கூடாது என்ற அதே யோசனையால்தான் .303-ம் சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்காமல் போனது. அந்த இடத்துக்கு வந்தது .315. மூலத்தில் அது ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா. அந்தச் சாம்ராஜ்யமே 1918-ல் காணாமல் போய்விட்டது. அதன் தோட்டாவுக்கு மட்டும் கல்கத்தா பக்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலை .315 ரைஃபிள் செய்தது! வட இந்தியாவில் வங்கி வாசல் காவலர் தோளில் பார்த்திருப்பீர்களே, பெரும்பாலும் அதுதான்.

சரி, .470 ஏன் அனாதையானது? மூன்று அடி விழுந்தது.

முதல் அடி, 1970 வாக்கில் கைனாக் இந்தப் பெரிய தோட்டாக்களைச் செய்வதையே நிறுத்தியது. இரண்டாவது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதற்குப் பிறகு யானை ரைஃபிளுக்கு இங்கே வேலையே இல்லை. (வந்தது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.) மூன்றாவது, 1980-களின் நடுவில் தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது அநேகமாக நின்றுபோனது. வெளிநாட்டில் பிற்பாடு .470 மறுபடி தயாராக ஆரம்பித்தும் நம் ஊர் வீட்டு அலமாரிக்கு அது வந்து சேரவில்லை.

"வேற தோட்டா போட்டுச் சுட முடியாதா அங்கிள்ஜி?" என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். அளவு மாறினால் உள்ளேயே போகாது, போனால் இன்னும் ஆபத்து, குழல் வெடித்துவிடும். இன்னொன்றும் சொன்னார். இரட்டைக்குழல் ரைஃபிளில் இரண்டு குழலும் ஒரே புள்ளியில் சுடும்படி, ஒரு குறிப்பிட்ட குண்டுக்கும் மருந்துக்கும் வைத்துச் சுட்டுச் சுட்டுப் பார்த்துத்தான் இணைப்பார்கள். மருந்து மாறினால் இரண்டு குண்டும் இரண்டு பக்கம் போகும். வீட்டிலேயே தோட்டா தயாரிக்கலாம் என்றால் அதற்குத் தனி உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில்தான்.

இதில் கூத்து என்னவென்றால், ஒவ்வொரு தேர்தலுக்கும் போலீஸ் வந்து ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லும். ரெண்டு தோட்டா ரைஃபிளும் தவறாமல் துணி சுற்றி ரிக்ஷாவில் போய்வரும்!

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. பென்னாகரம், அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடி அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனதும் அதே ரகம். அந்தத் தோட்டாவும் பிற்பாடு சந்தையிலிருந்து மறைந்து, 2000-களின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் திரும்பி வந்தது. பொழுது சாய்ந்தால் கதவைத் தாழ் போட்ட காலத்தை எங்கள் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் துப்பாக்கி வரும். தோட்டா எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

அங்கிள்ஜியின் மகன் வெளிநாட்டிலிருந்து போனில் சொன்னது நான் சொன்னதேதான். ரிவால்வர் பாதுகாப்புக்கு, ஷாட்கன் தோட்டத்துக்கு, ரைஃபிள் எதற்கு? அவர் ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் கொடுத்தது ரிவால்வரை!

"ரிவால்வர் போனா கான்பூர்ல இன்னொண்ணு செய்வான் பேட்டா. இதை எவன் செய்வான்?"

விண்ணப்பம் எழுதி, கூடவே போய் வியாபாரியிடம் ரசீது வாங்கி வந்தது நான்தான். வழியில் அவர் பேசவே இல்லை. தனியாக இருக்கிற கிழவர், பாதுகாப்புக்கு இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு, சுட முடியாத ஒன்றை வைத்துக்கொள்கிறாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

2022-ல் அவர் காலமானார். மகனுக்கு இங்கே லைசென்ஸ் இல்லை. சாவு வீட்டு அமர்க்களத்தில் யாருக்கும் அலமாரி ஞாபகம் வரவில்லை. லைசென்ஸ்காரர் போன பிறகு அந்த ரைஃபிள் வீட்டில் இருப்பதே குற்றம் என்று எனக்குத்தான் பயம் பிடித்தது. ஸ்டேஷனுக்குச் சொல்லி, முறைப்படி ஒப்படைக்க வைத்தோம். ரைட்டர் தோட்டாவை எண்ணி எழுதினார்: இரண்டு. மகன் வாரிசு லைசென்ஸுக்கு மனு போடுகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். மனு போட்டாரா, நான் கேட்கவில்லை.

ஊரில் உங்கள் தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருந்தால், பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். லைசென்ஸ் யார் பேரில், அடுத்து யார் பேருக்கு, வேண்டாமென்றால் எங்கே கொடுப்பது என்று. அப்படியே அது எப்படி வீட்டுக்கு வந்தது என்ற கதையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிள்ஜியின் தாத்தா அந்த ரைஃபிளால் எதைச் சுட்டார் என்று நான் கடைசிவரை கேட்காமலே விட்டுவிட்டேன்.