ஈஸ்ட் ஹாமில் இல்லறமும் இன்பமும்: ஒரு குடியேற்றத்தின் சரித்திரம்

மனிதனுடைய சந்தோஷத்தை எண்ணால் அளந்து அறிந்துவிட வேண்டும் என்னும் ஆவல் லண்டன் மாநகரத்திற்குப் புதியதன்று. 1789-இல் வெளிவந்த தமது நூலில் ஜெரமி பெந்தம், ஓர் இன்பத்தின் தீவிரம், அது நீடிக்கும் காலம், அதன் நிச்சயம், அதன் அண்மை முதலியவற்றைத் தனித்தனியே மதிப்பிடும் ஒரு முறையை வகுத்தார். இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னர், 2011 முதல், பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் மக்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு, 0 முதல் 10 வரை விடை பெற்றுவருகிறது. அவற்றுள் ஒன்று, நேற்றைய தினம் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள் என்பது. மற்றொன்று, வாழ்வில் நீங்கள் செய்பவை எவ்வளவு பயனுடையவை என்று கருதுகிறீர்கள் என்பது. இவ்விரண்டையும் வெவ்வேறாக வைத்தது மிகவும் பொருத்தம் என்பது எமது அபிப்பிராயம். கிழக்கு லண்டனிலுள்ள ஈஸ்ட் ஹாமில் தமிழர் நிலைத்த இன்பத்தைத் தேடிக்கொண்ட சரித்திரம், நேற்றைய மகிழ்ச்சி என்று சொல்லத்தக்கது அரிதாயிருந்த ஒரு காலத்தில், பிறருக்குப் பயன்படும் காரியங்களிலிருந்தே தொடங்குகிறது.

ஈஸ்ட் ஹாம் 1965-இல் வெஸ்ட் ஹாமுடன் இணைக்கப்பட்டு நியூஹாம் ஆயிற்று. பெக்டன் வாயுத் தொழிற்சாலையையும் ராயல் துறைமுகங்களையும் நம்பி ஜீவித்த குடும்பங்கள் நிறைந்த அந்த வரிசை வீடுகள், 1981-இல் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, குறைந்த வாடகைக்கு இடம் தேடுவோருக்கு ஏற்றவையாயின. சிங்கப்பூரின் பிரிட்டிஷ் படைத்தளங்களில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த மலையாளிகள் பலர் அதற்கு முன்னரே அங்குக் குடியேறியிருந்தனர். இலங்கையில் 1956-இன் தனிச்சிங்களச் சட்டமும், எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் தமிழ் இளைஞர்களைக் கடல்கடந்து படிக்கத் தூண்டின; 1983 ஜூலைக் கலவரமோ, படிக்க அல்ல, உயிர்பிழைக்க அவர்களை ஓடச் செய்தது.

வந்தவர்களை வரவேற்றது சட்டத்தின் கடுமையே. 1985-இல் இலங்கையருக்கு விசா கட்டாயமாயிற்று. 1987-இல் ஹார்விச் துறையில் நிறுத்தப்பட்ட ஏர்ல் வில்லியம் என்னும் கப்பலில் அடைத்துவைக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவ்வாண்டு அக்டோபர்ப் பெரும்புயலில் அக்கப்பல் கட்டறுத்து அடித்துச் செல்லப்பட்டது. இத்தகைய நிலையில், ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டு, இரவில் பெற்றோல் நிலையங்களில் வேலை செய்து, பகலில் உறங்கியவர்கள், சந்தோஷம் என்பதை ஊருக்குத் திரும்பிய பின் அடையவேண்டிய ஒன்றாகவே ஒத்திவைத்திருந்தனர். இந்த ஒத்திவைப்பு எப்போது, எதனால் முடிவுக்கு வந்தது என்பதே இவ்வாராய்ச்சியின் மையக் கேள்வி.

1986-இல் நியூஹாமில் தமிழர் நலன்புரிச் சங்கம் தோன்றியதும், காலப்போக்கில் மேனர் பார்க் சர்ச் ரோட்டில் முருகன் கோயிலும் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மகாலட்சுமி கோயிலும் எழுந்ததும் வெளிப்படையாகத் தெரியும் சின்னங்கள். ஆயினும் இவற்றைக் காட்டிலும் ஆழ்ந்து வேலை செய்தது சீட்டு என்பது எமது துணிபு. 20 பேர் மாதம் 100 பவுண் வீதம் போடுவதாகவும், சேரும் தொகையை மாதம் ஒருவர் எடுப்பதாகவும் கொள்வோம். அவசரத் தேவையுள்ளவர் தமக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முந்தி எடுப்பார். அவர் விட்டது ஏனையோருக்குப் பங்காகும். வங்கி கடன் தர மறுத்த மனிதன், ஒரு கடைக்கு முன்பணமோ தங்கைக்குச் சீதனமோ தம்பியின் பிரயாணச் செலவோ இவ்வழியாகவே தேடினான். பத்திரம் இல்லை, கோடு போட்ட ஒரு கொப்பியில் பெயரும் தொகையும் மட்டுமே. சீட்டுக் கூறும் ஞாயிறன்று வராதவனை மற்றவர்கள் விசாரிப்பார்கள். விசாரிக்க ஆளிருக்கிறது என்னும் உணர்வே அந்நிய மண்ணில் அவனுக்குக் கிடைத்த முதல் நிம்மதி. புலம்பெயர்ந்தோரைப் பற்றி எழுதுவோர் கோபுரத்தைப் படம்பிடிப்பதில் கொள்ளும் சிரத்தையில் நூறில் ஒரு பங்கையேனும் இந்தக் கொப்பியிடம் கொள்ளலாகாதா?

பிறருக்கு உதவுவதில் நிறைவு காண்பது நமது மரபுக்குப் புதியதன்று. விருந்தோம்பலையும் ஒப்புரவறிதலையும் வள்ளுவர் அறத்துப்பாலின் இல்லறவியலில் வைத்தார். இன்பத்துப்பாலைக் காதலுக்கு ஒதுக்கினார். அன்றாட வாழ்வின் நிறைவு, கடமைகளினூடே வருவது என்னும் இக்கருத்தை ஈஸ்ட் ஹாம்வாசிகள் நூலைப் புரட்டிக் கற்கவில்லை. சனிக்கிழமை காலை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றும், வெள்ளிக்கிழமை கோயிலில் சமையலுக்கு வெங்காயம் உரித்தும், புதிதாக வந்தவனுக்கு மருத்துவரிடம் மொழிபெயர்த்தும் அநுஷ்டானத்தில் கண்டார்கள். ஒத்திவைத்த சந்தோஷம் இங்கேயே, இந்தக் கிழமையிலேயே வாய்க்கக்கூடியது என்பது இவ்வாறு சிறிது சிறிதாக விளங்கியது.

துக்கம் இதனால் நீங்கிவிடவில்லை. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், 2009 ஏப்ரல் முதல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்காகக் கூடி நின்ற தமிழரின் கதறல் உலகறிந்தது. அவ்வாண்டு மே மாதத்து முள்ளிவாய்க்கால் சாவுகளை ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கின்றனர். நிலைத்த இன்பம் துயரமற்ற நிலை என்று கொள்வோர் இச்சமூகத்தைப் புரிந்துகொள்ள இயலாது. சேர்ந்து அழ இடமுண்டு என்பதும் அவ்வின்பத்தின் ஓர் அங்கமே.

இதற்கிடையில் தமிழ்நாட்டிலிருந்து கணினித் தொழிலாளரும் வந்தனர். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் சரவண பவனும், இடியப்பமும் சம்பலும் கட்டித்தரும் யாழ்ப்பாணக் கடையும் ஒரே தெருவில் நடக்கலாயின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் பிரதான மொழியாகக் குறித்தவர் 2011 குடிமதிப்பில் சுமார் 1 லட்சம் பேர்.

இப்போது பிள்ளைகள் வளர்ந்து, இல்ஃபோர்டு, ரோம்ஃபோர்டு எனக் கிழக்கே வீடு வாங்கிச் செல்ல, பெற்றோரும் உடன் சென்றுவிட்டனர். ஆனால், லண்டன் முதியோருக்கு 1973 முதல் வழங்கப்படும் இலவசப் பிரயாண அட்டையைக் காட்டி பஸ் ஏறி, அவர்களுள் பலர் ஈஸ்ட் ஹாமுக்கே திரும்பி வருகிறார்கள். அர்ச்சனை முடித்து, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கி, நோயுற்ற பழைய சிநேகிதரை எட்டிப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளை பள்ளி விடுமுன் வீடு சேர்கிறார்கள். குடிமதிப்புக் கணக்கு இவர்களுள் இல்ஃபோர்டு சென்றோரை அவ்வூர் அடங்கிய ரெட்பிரிட்ஜ் வட்டாரத்தின் வாசிகளாகவே எண்ணும். பயனுடையதாகக் கழிந்த நாள் எது என்று கேட்டால் இவர்கள் சொல்லக்கூடிய நாட்களோ நியூஹாமில் கழிகின்றன.