வாயிலில் ஒட்டிய சீட்டு

தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ பிழைப்பை நாடிச் சென்ற நம்மவர் ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முன்னாளில் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "உங்களை இவ்வூரில் யாருக்குத் தெரியும்?" என்பதுதான். ஊரிலிருந்து வாங்கி வந்த அறிமுகக் கடிதம் அப்போது கைகொடுத்தது. இந்நாளிலோ, வந்தவர் படியிறங்கு முன்னரே அவர் பெயரைத் தேடுபொறியில் எழுதிப் பார்த்துவிடுகிறார்கள். அங்கே முதலாவதாக வந்து நிற்பது, குற்றமற்றவர் என்று அவரை விடுவித்த ஒரு பழைய வழக்கின் தீர்ப்பாயிருந்தால் அவர் கதி என்ன? கடைசிப் பக்கம் வரையில் தீர்ப்பைப் படிக்கும் பொறுமை எத்தனை வீட்டுக்காரர்களுக்கு உண்டு?

பக்கம் இணையத்தில் இருக்கவும் வேண்டும். தேடுவோர் கையில் அகப்படாதிருக்கவும் வேண்டும். விசித்திரமான இவ்விருப்பத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு.

1993 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாத்யூ கிரே என்பவர் ஒரு நிரலை ஏவினார். ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தாவி, வலை எவ்வளவு பெரிது என்று அளந்து வருவதே அதன் தொழில். இத்தகைய நிரல்களுக்கு ரோபாட் என்ற பெயர் வழங்கலாயிற்று. பிறரும் தத்தம் ரோபாட்டுகளை ஏவினர். அக்காலத்துக் கணினிகளோ எளியவை. அழையா விருந்தாளிகளாகிய ரோபாட்டுகளுட் சில, ஒரே பக்கத்தை மூச்சுவிடாமல் மீண்டும் மீண்டும் கேட்டன; சில, நுழைந்தாலே வாக்குப் பதிவாகிவிடக்கூடிய இடங்களிலும் புகுந்தன.

அப்போது இங்கிலாந்தில் நெக்ஸார் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய மார்ட்டைன் கோஸ்டர், 1994 பிப்ரவரியில் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு தளத்தின் வாயிலிலும், ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற பெயரில் ஒரு சிறு சீட்டு இருக்கட்டும். நுழையலாகாத இடங்கள் இவை என்று அதில் எழுதியிருக்கட்டும். வரும் ரோபாட் அதனை முதலில் படித்துவிட்டு நடந்துகொள்ளட்டும் என்றார். அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் அதற்கு ஓர் எழுத்து வடிவம் கிடைத்தது. இதற்குப் பின்னால் அதிகாரம் படைத்த அமைப்பு எதுவும் இல்லை, எல்லா ரோபாட்டுகளும் பின்பற்றும் என்ற உறுதியும் இல்லை என்று அவ்வேடே ஒப்புக்கொண்டது. சட்டமோ தண்டனையோ இல்லாத வெறும் வேண்டுகோள், பெரிய தேடுபொறிகளால் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக மதிக்கப்பட்டு வந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆயினும் அச்சீட்டில் இரண்டு குறைகள் இருந்தன. அதை எவரும் படிக்கலாம். நகை இந்தப் பெட்டியில் இருக்கிறது, திறக்காதீர் என்று திண்ணையில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? மற்றொரு குறை நுட்பமானது. சீட்டு, படிக்காதே என்று மட்டுமே சொல்லும். பட்டியலில் காட்டாதே என்று சொல்லாது. வேறு தளங்கள் அப்பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், தேடுபொறி அதைப் படிக்காமலே அதன் முகவரியைக் காட்டிவிடும்.

ஆகவே 1996 மே மாதம் நடந்த ஒரு பயிலரங்கில் வேறொரு குறிக்கு உடன்பாடு ஏற்பட்டது. பக்கத்தின் உள்ளேயே எழுதப்படும் 'நோஇண்டெக்ஸ்' என்னும் அச்சொல், என்னைப் பட்டியலில் சேர்க்காதே என்பதாகும். படங்களுக்கும் பிற கோப்புகளுக்கும் உதவும்படி, அதனையே கணினி அனுப்பும் தலைப்பில் சேர்க்கும் முறையைக் கூகிள் 2007-இல் கொணர்ந்தது. இங்கேதான் பலர் இடறி விழுகிறார்கள். பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று எண்ணி, வாயிலில் தடைச் சீட்டையும் உள்ளே 'நோஇண்டெக்ஸ்' குறியையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். வாயிலோடு திரும்பிவிடும் ரோபாட், உள்ளேயிருக்கும் குறியை எவ்வாறு காணும்? பட்டியலில் இடம்பெறாதிருக்க வேண்டுமானால், ரோபாட்டை உள்ளே விட்டே ஆகவேண்டும்.

2022 செப்டம்பரில் வாயிற் சீட்டு முறையாகத் தரநிலை பெற்றது. அதுவும் இவ்விதிகள் நுழைவுரிமையைக் காக்கும் வழியல்ல என்று எச்சரிக்கிறது. மெய்யாகவே மறைக்கவேண்டியதற்குக் கடவுச்சொல் என்ற பூட்டு வேண்டும்.

இவையெல்லாம் பக்கத்தின் சொந்தக்காரருக்கு உரிய வழிகள். பிறருடைய பக்கத்தில் பெயர் கிடந்து அல்லற்படுபவர் யாரிடம் போவார்? ஸ்பெயின் நாட்டவர் ஒருவர், 1998-இல் தம் கடனுக்காகச் செய்தித்தாளில் வெளியான ஏல அறிவிப்பு, கடன் தீர்ந்த பின்னும் தம்மைத் தொடர்வதாக முறையிட்டார். 2014 மே 13-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பெயரைக்கொண்டு தேடுங்கால் அத்தகைய இணைப்பை நீக்கும் கடமை தேடுபொறிக்கு உண்டென்று தீர்ப்பளித்தது. செய்தித்தாளின் பக்கம் இருந்தபடியே இருந்தது.

நம் நாட்டில், 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். 2021 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றத்துக்கு ஒருவர் வந்தார். போதைப்பொருள் வழக்கொன்றில் 2011-இல் விடுதலையாகி, மேல்முறையீட்டிலும் 2013-இல் வென்றவர். ஆனால் இணையத்திலிருந்த அத்தீர்ப்பே அவருக்கு வேலை கிடைக்கத் தடையாயிற்று. தேடுபொறிகளின் வழியே அத்தீர்ப்பை எட்ட முடியாதபடி தடுக்குமாறு, அதனை வெளியிட்ட சட்டத் தளத்துக்கு நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. 1994-இல் வேண்டுகோளாகப் பிறந்தது இங்கே நீதிமன்றக் கட்டளையாயிற்று!

விடுதலை பெற்ற வேறொருவர், தீர்ப்பில் தம் பெயரை மறைக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தை வேண்டினார். அதற்கு உரிய சட்டம் இல்லையென்று 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் நின்று, சட்டத் தளம் அத்தீர்ப்பையே அகற்ற வேண்டும் என்றது. நீதிமன்றத் தீர்ப்பு பொது ஆவணமாயிற்றே என்ற எதிர்வாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2024 ஜூலையில் அந்நீதிமன்றம் மதுரை ஆணையை நிறுத்தி வைத்து, கேள்வியைத் தானே ஆராய எடுத்துக்கொண்டது.